இணையவழித் தொழில்: எத்திறன், எவ்வழி?

1877-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. என்னும் முறையைப் புகுத்தியது. பொருளைத் தபாலில் பெறுபவர் அதன் விலையைத் தபால்காரரிடம் செலுத்திவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார். அஞ்சலகம் அத்தொகையை விற்றவருக்கு அனுப்பிவைக்கும். புத்தகங்களும் கைக்கடிகாரங்களும் மருந்து வகைகளும் இம்முறையில் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்றன. விலைப்பட்டியலைக் கண்டு ஆசைப்பட்டுக் கடிதம் எழுதிவிட்டு, பொட்டலம் வந்த நாளில் கையில் காசில்லாமல் திருப்பியனுப்பியவர்களும் அக்காலத்திலேயே உண்டு. 2010-இல் ஃபிளிப்கார்ட் நிறுவனம் 'பொருள் கைக்கு வந்தபின் பணம்' என்ற வசதியை அறிமுகப்படுத்தியபோது, பழைய வி.பி.பி.யே புதிய உடையில் வந்தது எனலாம். அதன் நன்மையும் வந்தது. திரும்பிவரும் பொட்டலம் என்ற தொல்லையும் கூடவே வந்தது.

இன்று கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டு எவரும் கடை திறந்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் இளைஞரிடையே வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கை முற்றிலும் தவறன்று. கடை வாடகையில்லை, முன்பணமில்லை. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் பணம் பெறுவதும் எளிதாகிவிட்டது. ஆனால் நுழைவது எவ்வளவு எளிதோ அவ்வளவுக்குப் போட்டியும் மிகுதி. வீட்டு நகையை அடகு வைத்துச் சரக்கு வாங்கியவர் ஓராண்டிற்குள் அச்சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிட நேருமாயின் அது ஒரு குடும்பத்தின் நஷ்டம். ஆகவே, எந்தத் திறனை முதலாகக் கொள்வது, எந்த வாணிப முறையில் இறங்குவது என்னும் இரு வினாக்களையும் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது.

முன்னோடிகள் சென்ற பாதை

நம் நாட்டில் இணையவழித் தொழிலின் வரலாறு முப்பது ஆண்டுகளை எட்டியுள்ளது. அதன் தொடக்க காலத்தை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதலில் தோன்றி இன்றுவரை நிலைத்திருக்கும் நிறுவனங்கள் சில, பொருள் எதையும் விற்கவே இல்லை. 1996-இல் தொடங்கிய இந்தியாமார்ட், உற்பத்தியாளரையும் வாங்குவோரையும் இணைத்து, உற்பத்தியாளரிடம் சந்தா பெற்றது. 1997-இல் தோன்றிய நௌக்ரி, வேலை தேடுவோரிடமன்றி, ஆள் தேடும் நிறுவனங்களிடம் முக்கியமாகக் கட்டணம் வாங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றி வந்த முருகவேல் ஜானகிராமன் அங்கு வாழ் தமிழருக்கென ஓர் இணையத்தளம் நடத்தினார். அதில் திருமணத் தகவல் பகுதியையே மக்கள் மிகுதியாக நாடுவதைக் கண்டு அதனைத் தனித் தொழிலாக்கினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத்மேட்ரிமோனி இவ்வாறு பிறந்ததே. சரக்குக் கிடங்கில்லை, உடைந்த பொருளில்லை, திரும்பிவரும் பார்சலில்லை. எவருக்குப் பயன் அதிகமோ அவரிடம் கட்டணம் என்ற தெளிவு மட்டும் இருந்தது.

பொருள் விற்பனையில் இறங்கியவர்களின் கதை வேறு. கே. வைத்தீஸ்வரனும் நண்பர்களும் 1999-இல் பெங்களூரில் தொடங்கிய ஃபேப்மார்ட், நாட்டின் முதல் இணைய அங்காடிகளுள் ஒன்று. அன்று இணைய இணைப்பு இருந்த வீடுகளே மிகச் சில. கடன் அட்டை வைத்திருந்தோர் அதனினும் சிலர். பின்னர் இந்தியாபிளாசா என்ற பெயரில் நடந்த அந்நிறுவனம் 2013-இல் மூடப்பட்டது. முதலில் வந்தவர் நிலைப்பார் என்ற விதி வாணிபத்தில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

2007-இல் ஃபிளிப்கார்ட் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கியதன் காரணத்தையும் இங்கே கருதவேண்டும். ஒரு புத்தகம் எந்தக் கடையில் வாங்கினும் ஒன்றே. அதற்கு அளவு பார்த்தல் இல்லை, அணிந்து பார்த்தல் இல்லை, எளிதில் உடையாது, அழுகாது, எடைக்கு ஏற்ற விலையும் உண்டு. தொட்டுப் பாராமல் வாங்க அஞ்சும் ஒருவர்கூட, புத்தகத்தைத் துணிந்து வாங்குவார். முதற்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒவ்வொருவரும் தம் பொருளை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கவேண்டும். ஆயத்த ஆடை இச்சோதனையில் தோற்கும். அளவு பொருந்தாமல் திரும்பிவருவது அதன் இயல்பு. புடவை ஓரளவு தேறும். அதற்கு அளவில்லை, ஆயின் நிறம் உண்டு. திரையில் கண்ட நீலம் வேறு, கையில் வந்த நீலம் வேறு என்ற புகாரே அதில் மிகுதி.

ஒரு புடவையின் கணக்கு

பெரிய இணைய அங்காடிகளில் விற்பனையாளராகப் பதிவு செய்துகொள்வதே இன்று பெரும்பாலோர் நாடும் வழி. அந்நிய முதலீடு பெற்ற நிறுவனங்கள் தம் சொந்தச் சரக்கை இணையத்தில் நேரடியாகச் சில்லறையில் விற்க நம் நாட்டு விதிகள் இடந்தராமல், பிறர் விற்கும் சந்தையாக மட்டுமே இயங்கலாம் என 2016-இல் வரையறுத்தன. எனவே அத்தளங்களுக்கு ஏராளமான சிறு விற்பனையாளர் தேவைப்பட்டனர். வரவேற்பு பலமாக இருந்ததன் காரணம் இதுவே. உள்ளே சென்றபின் என்ன மிஞ்சும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். எண்கள் இடத்திற்கு இடம் மாறும்; கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு கைத்தறிப் புடவையின் அடக்கவிலை 600 ரூபாய், விற்கும் விலை 1,000 ரூபாய் எனக் கொள்வோம். வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். தளத்தின் கமிஷனும் பிற கட்டணங்களும் 120 ரூபாய், கூரியர் 90, பெட்டியும் உறையும் 20, தளத்திற்குள் விளம்பரம் 50. ஆகச் செலவு 880 ரூபாய், இலாபம் 120. நூறு புடவைக்கு 12,000 ரூபாய் என்று பலரும் மனத்தில் குறித்துக்கொள்வது இதைத்தான்.

இனி, நூறில் இருபது திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். விற்ற எண்பதில் இலாபம் 9,600 ரூபாய். திரும்பிய ஒவ்வொன்றிற்கும் கமிஷன் கழிந்துபோனாலும், போக 90, வர 90, உறை 20, விளம்பரம் 50 என 250 ரூபாய் போயிற்று, இருபதுக்கு 5,000. அவற்றுள் ஐந்து, மடிப்புக் கலைந்தோ கறைபட்டோ வந்தமையால் அடக்கவிலையில் பாதிக்கே விற்க நேர்ந்தால் மேலும் 1,500 நஷ்டம். மிஞ்சுவது 3,100 ரூபாய். நூறு பார்சல் கட்டிய உழைப்பிற்குப் பார்சலுக்கு 31 ரூபாய்! திரும்புபவை முப்பதாகி, அவற்றுள் எட்டு பழுதானால், இலாபம் 8,400. செலவும் சேதமும் 9,900. கைமுதலில் 1,500 கரைந்துவிடும். விற்பனை குறையாமல் இருக்கும்போதே நஷ்டம் வந்துவிடுகிறது என்பதுதான் இதில் விந்தை. கணக்கு எழுதாதவருக்கு இது பல மாதங்கள் தெரிவதேயில்லை. தளம் காட்டும் மொத்த விற்பனைத் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்.

இதே புடவையை, ஏற்கெனவே ஒருமுறை வாங்கி நிறைவடைந்த வாடிக்கையாளர் நேரடியாகக் கேட்டு, யு.பி.ஐ. வழியாக முன்பணம் அனுப்பி வாங்கினால் என்னாகும்? கமிஷனும் விளம்பரமும் இல்லை. யு.பி.ஐ. தொகைக்கான வணிகர் கழிவும் 2020 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. கூரியரும் உறையும் 110 ரூபாய் போக, மிஞ்சுவது 290. இத்தகைய பதினொரு விற்பனை 3,190 ரூபாய் தரும். அங்காடியில் நூறு பார்சல் தந்ததைவிட இது கூடுதல்.

ஆகவே அங்காடித் தளத்தை வெறுத்து ஒதுக்கவேண்டும் என்பதல்ல. முன்பின் அறியாதவர் நம்மை நம்புவதற்கு அது ஒரு வாயில். அவ்வாயில் வழி வந்தவரைத் தம் வாடிக்கையாளராக்கிக் கொள்வதற்குத் தளங்கள் எளிதில் இடந்தருவதில்லை. வாங்குவோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அவற்றின் உடைமையாகவே கருதப்படுகின்றன. திருவிழாச் சந்தையில் கடை போடும் வியாபாரி அந்த நான்கு நாள் விற்பனையை நம்பி வாழ்வதில்லை. ஊரில் அவருக்கென ஒரு கடையும் பற்றுவரவும் இருக்கும். இணைய வியாபாரிக்கும் அத்தகைய சொந்த இடம் ஒன்று தேவை. சிறிய தளமாயினும், நூறு பேர் மட்டுமே கொண்ட செய்திக் குழுவாயினும் அது தமதாக இருத்தல் வேண்டும்.

நிலைக்கும் திறனும் நிலையாத் திறனும்

திறன்களை இருவகையாகப் பிரிக்கலாம். தொழிலைப் பற்றிய அறிவு ஒருவகை. கருவியைப் பற்றிய அறிவு மற்றொருவகை. நூலின் தரம் அறிதல், இசை பயிற்றுதல், கணக்கெழுதுதல், நல்ல உரைநடை எழுதுதல் ஆகியன முதல்வகை. இன்ன தளத்தில் இன்னவாறு படம் போட்டால் மேலே தெரியும் என்பது இரண்டாவது வகை. இரண்டாவதைப் பத்து நாளில் கற்கலாம். பத்தே மாதத்தில் அது பழையதாகியும் விடலாம். முதலாவதைக் கற்க ஆண்டுகள் ஆகும். அதனால்தான் அதற்கு விலை உண்டு.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. அவற்றுள் டிக்டாக் ஒன்று. சிறு நகரங்களிலும் சிற்றூர்களிலும் அதன்மூலம் பெயரும் வருவாயும் ஈட்டி வந்தோர் ஒரே இரவில் அவற்றை இழந்தனர். தடையின் நியாயம் வேறு செய்தி. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், சமையலையோ உழவையோ ஒப்பனையையோ உள்ளபடியே அறிந்திருந்தவர் வேறொரு தளத்தில் மீண்டும் தொடங்க முடிந்தது. அச்செயலியின் போக்கை மட்டும் அறிந்திருந்தவருக்கு எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இதே சோதனை எழுத்துத் தொழிலுக்கு வந்துள்ளது. சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில் எழுதித் தரும் எளிய விளம்பரக் குறிப்புகளையும் மேலோட்டமான மொழிபெயர்ப்பையும் இயந்திரமே செய்கிறது. ஆயினும் ஒரு மருந்துக் குறிப்பையோ நீதிமன்ற ஆவணத்தையோ பிழையின்றித் தமிழிலும் வங்காளியிலும் தந்து, அதற்குப் பொறுப்பும் ஏற்கும் ஆள் இன்னும் தேவைப்படுகிறார். மொழியோடு மற்றொரு துறையறிவும் சேரும்போதுதான் அத்திறனுக்கு விலை கிடைக்கிறது.

பெரிதும் பேசப்படாத ஒரு துறையைக் குறிப்பிட விரும்புகிறேன். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், இணையத்தில் விற்கும் ஒவ்வொருவருக்கும் மாதக் கணக்கு ஒரு சுமையாயிற்று. தளங்கள் விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்துச் செலுத்துகின்றன. அந்த விகிதம் 2024 ஜூலையில் 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பிடித்த தொகை, திரும்பிய சரக்கு, கழித்த கட்டணம் ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்து மாதந்தோறும் கணக்கைத் தீர்ப்பது எளிதன்று. வணிகவியல் பட்டம் பெற்று, ஒரு தணிக்கையாளரிடம் இரண்டாண்டு பயின்ற இளைஞர், தம் ஊரிலிருந்தபடியே இருபது விற்பனையாளரின் கணக்கை மேற்கொண்டால், சரக்கும் முதலும் இல்லாமல் மாத வருமானம் வரும். புதிதாக விற்பனையில் இறங்கும் ஒவ்வொருவரும் அவருக்கு வாடிக்கையாளரே. விற்பவர் வென்றாலும் தோற்றாலும் கணக்கு எழுதித்தானே ஆகவேண்டும்?

இசைக்கும் இதுபோன்ற நிலைமை உள்ளது. வெளிநாடுகளில் வாழும் இந்தியக் குழந்தைகளுக்கு இங்கிருந்தே காணொளி வாயிலாகக் கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் கற்பிப்பது, 2020-இன் பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் பெரிதும் பரவியுள்ளது. ஒரு மாணவி சரளி வரிசையில் தொடங்கிக் கீர்த்தனைக்கு வரச் சில ஆண்டுகளாகும். அத்தனை ஆண்டும் கட்டணம் வரும். விளம்பரம் ஒருமுறை, வருமானம் பலமுறை. மாறாக, ஒருமுறை வாங்கியபின் மறுமுறை தேவைப்படாத பொருளை விற்பவர், மாதம் பிறந்தால் மீண்டும் புதிய ஆளைத் தேடவேண்டியவராகிறார்.

முதலும் வளர்ச்சியும்

கடன் வாங்கி விரைந்து வளர்வதா, இலாபத்தைக் கொண்டு மெல்ல வளர்வதா என்பது பழைய வினா. பெரிய நிறுவனங்களிலேயே இருவகைக்கும் சான்றுகள் உள்ளன. 1996-இல் தொடங்கிய ஜோஹோ, வெளியார் முதலீட்டை நாடாமல் மென்பொருளைச் சந்தாவிற்குக் கொடுத்து வளர்ந்தது. தென்காசி வட்டாரச் சிற்றூரில் அலுவலகம் அமைத்ததோடு, பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சியும் அளித்து வருகிறது. 2010-இல் பெங்களூரில் தோன்றிய ஜெரோதா, பங்குத் தரகில் சதவீதக் கமிஷனுக்குப் பதிலாக ஓர் உத்தரவுக்கு 20 ரூபாய் என்ற நிலைக்கட்டணத்தைக் கொண்டுவந்தது. அதுவும் வெளி முதலீடின்றியே வளர்ந்தது. எதிர்ப்புறத்தில் பைஜூஸ் நிறுவனம் பிற நிறுவனங்களை விலைக்கு வாங்கியும் பெருங்கடன் பெற்றும் விரிந்தது. 2024 ஜூலையில் அதன்மீது திவால் நடவடிக்கைக்கு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதி அளித்தது. அதன் பாடங்களை விரும்பிக் கற்ற மாணவர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. கற்பிக்கும் திறன் குறையாவிடினும் வாணிப முறை தாங்கவில்லை.

சிறு முனைவோருக்கு முத்ரா திட்டம் 2015 முதல் பிணையின்றிக் கடன் வழங்குகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் முதல் ஐம்பது விற்பனையைக் கைக்காசில் செய்து, எத்தனை திரும்பின, எத்தனைபேர் மறுமுறை வந்தனர் என்பதைக் கண்டபின்னரே கடனை நாடுதல் முறை. சரக்கே வைத்துக்கொள்ளாமல், வந்த ஆர்டரை மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடும் முறையை இன்று பலர் பரிந்துரைக்கின்றனர். அதில் முதல் தேவையில்லை என்பது உண்மை. தரமும் தமதல்ல, விலையும் தமதல்ல, அனுப்பும் நாளும் தமதல்ல. வசவு மட்டும் தமது. விற்கக் கற்றுக்கொள்ளும் பள்ளியாக அதைச் சில மாதம் நடத்தலாம். 'வீட்டிலிருந்தே மாதம் இலட்சம்' என்று கட்டணப் பயிற்சி விற்போரைப் பொறுத்தவரை, அவர்களுடைய வருமானம் அத்தொழிலிலிருந்து வருகிறதா, பயிற்சிக் கட்டணத்திலிருந்து வருகிறதா என்று கேட்பது நலம்.

சட்டமும் அரசு வாயில்களும்

இணையத் தளங்கள் வழி பொருள் விற்போர் எவராயினும், விற்றுமுதல் எவ்வளவாயினும் வரிப் பதிவு செய்தாக வேண்டும் என்றிருந்த விதி, 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டது. தம் மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளருக்கு வரம்பிற்குட்பட்ட விலக்கு உண்டு. மாநிலம் கடந்து விற்கப் பொதுவாகப் பதிவு இன்றியமையாதது. ஊறுகாயோ பலகாரமோ விற்பவர் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறவேண்டும். உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இணையத்தில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்களை நம்பலாகாது.

அரசுத் துறைகளுக்குப் பொருள் விற்க 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம் தளம் உள்ளது. 2022 ஏப்ரலில் டில்லி, பெங்களூர், போபால், ஷில்லாங், கோயம்புத்தூர் ஆகிய ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஓ.என்.டி.சி., ஒரு செயலியில் பட்டியலிட்ட பொருளை வேறு செயலியில் இருப்பவரும் காண வழிசெய்யும் பொது அமைப்பு. ஒரே அங்காடியின் பிடியில் விற்பனையாளர் சிக்காதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நெசவாளருக்கும் கைவினைஞருக்கும் ஜவுளி அமைச்சகம் 2023-இல் இண்டியாஹேண்ட்மேட் என்ற தளத்தைத் திறந்துள்ளது.

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இத்தொழிலில் ஈடுபட்டோர் 35.22 இலட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள். தறியில் அமர்ந்து ஒரு புடவையை நெய்பவரே படம் எடுக்கவும், விவரம் எழுதவும், பார்சல் கட்டவும், வரிக் கணக்கு தரவும் வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒவ்வொரு நெசவுக் கூட்டுறவுச் சங்கத்திலும் மகளிர் குழுக் கூட்டமைப்பிலும் இந்நான்கு வேலைகளையும் பொதுவில் செய்ய இருவர் அமர்த்தப்பட்டால், அவர்களுக்கும் அது ஒரு தொழில். நெய்பவருக்கும் தறியை விட்டு எழவேண்டியதில்லை. உறுப்பினருக்கு உறுப்பினர் நிறமும் நெசவும் மாறுபடுவதால், எந்தப் புடவை படம் எடுக்கப்பட்டதோ அதையே அனுப்பவேண்டும் என்ற ஒழுங்கை மட்டும் அவர்கள் தவறாது காக்கவேண்டும். மேலே கண்ட கணக்கில் திரும்பிவரும் இருபதை எட்டாகவோ பத்தாகவோ குறைக்கக்கூடியது அந்த ஒன்றே.